ஓடாத நடைக்குத் தாமதம் கிடையாது: பியூஜெட் சவுண்டின் படகும் பஸ்ஸும்

முதலில் ஒரு மாலை நேரக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. படகு 5:35-க்குக் கிளம்ப வேண்டும். 35 நிமிடப் பயணம், 6:10-க்கு அக்கரை. அங்கிருந்து 6:16-க்கு ஒரு பஸ். அதை விட்டால் 7:16-க்குத்தான். இன்று கார் வரிசை நீளம், ஏற்றி முடிக்க இழுத்துவிட்டது. படகு 5:44-க்குக் கிளம்பி 6:19-க்குக் கரை சேர்கிறது. பயணி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பார்த்தால் பஸ் நின்ற இடம் காலி.

இப்போது அறிக்கை எழுதுவோம். படகு 9 நிமிடம் பிந்தியது. 10 நிமிடத்துக்குள் என்பதால் அது ‘சரியான நேரம்’. பஸ் டாண் என்று 6:16-க்குக் கிளம்பியது. அதுவும் ‘சரியான நேரம்’. இரண்டு நிர்வாகத்துக்கும் நூற்றுக்கு நூறு. பயணிக்கு ஒரு மணி நேரம் போச்சு. அந்த ஒரு மணி நேரம் எந்தக் கோப்பிலும் ஏறாது.

இந்த ஓட்டையைத்தான் இங்கே ஆராயப் பார்க்கிறேன். எடுத்துக்கொண்ட இடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பியூஜெட் சவுண்ட் கடற்கழிப் பகுதி. காரணம் எளிது. அங்கே வேலைக்குப் போகிற பலருக்கு ஒரே பயணத்தில் பஸ், படகு, மறுபடி பஸ் என்று மூன்றும் வரும். நிர்வாகங்கள் தங்கள் அளவுகோல்களைப் பொதுவில் வெளியிடுகின்றன. 2021-இல் வந்த ஆள் பற்றாக்குறை, அந்த அளவுகோல்கள் எதைப் பார்க்கின்றன, எதைப் பார்க்கவில்லை என்பதை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

யார் எதை ஓட்டுகிறார்கள்

கார் ஏற்றும் பெரிய படகுகளை ஓட்டுவது மாநில அரசின் வாஷிங்டன் ஸ்டேட் ஃபெரீஸ். தனியாரிடமிருந்து மாநிலம் 1951 ஜூன் 1 அன்று எடுத்துக்கொண்ட சேவை அது. 21 படகுகள். பெரிய ரகமான ‘ஜம்போ மார்க் 2’ படகில் 202 கார்களும் சுமார் 2,500 பேரும் ஏறலாம். சியாட்டிலிலிருந்து பெய்ன்பிரிட்ஜ் தீவுக்கு 35 நிமிடம், பிரெமர்டனுக்கு ஒரு மணி நேரம். மாநிலப் போக்குவரத்துத் துறையின் அங்கமாகவே இது இயங்குகிறது. படகுத் தடங்களை நெடுஞ்சாலையின் நீட்சியாகவே கருதுகிறார்கள். இந்தப் பார்வை அளவிடும் முறையிலும் தெரியும். கார் வரிசை எவ்வளவு நீளம், ஏற முடியாமல் எத்தனை வண்டி நின்றது என்பதெல்லாம் உடனே செய்தியாகும். நடந்து ஏறியவர் அக்கரையில் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பது செய்தியாவதில்லை.

சியாட்டில் பக்கம் பஸ் ஓட்டுவது கிங் கவுண்டி மெட்ரோ. எதிர்க்கரையில் கிட்சாப் டிரான்சிட். கிட்சாப்பின் பல வழித்தடங்கள் படகு வரும் நேரத்தை ஒட்டியே போடப்பட்டவை. கார் இல்லாமல் நடந்து ஏறுகிறவர்களை மட்டும் ஏற்றும் வேகப் படகுகளையும் அவர்களே ஓட்டுகிறார்கள். பிரெமர்டன் கடற்படைத் தளத்துக்கு அவர்கள் விடும் சில பஸ்களில் இன்னொரு விசேஷம்: தளத்தில் வேலை செய்பவர்களில் ஒருவரே டிரைவர். காலையில் சக ஊழியர்களை ஏற்றிக்கொண்டு போவார், தன் வேலையைப் பார்ப்பார், சாயங்காலம் அதே பஸ்ஸில் எல்லோரையும் கொண்டுவந்து விடுவார். இந்த ஏற்பாட்டின் வேர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருக்கிறது. நேரம் தவறாமை பற்றிப் பேசும்போது இந்த பஸ்ஸை நினைத்துக்கொள்வேன். டிரைவருக்கும் அதே நேரத்தில் அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்!

இரண்டு எண்கள்

படகுக்கு இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, நேரம் தவறாமை: அட்டவணை நேரத்திலிருந்து 10 நிமிடத்துக்குள் கிளம்பினால் சரி, இலக்கு 95 சதவீதம். இன்னொன்று, நம்பகத்தன்மை: அட்டவணையில் போட்ட நடைகளில் எத்தனை நடந்தன, இலக்கு 99 சதவீதம். ரத்தான நடைக்குப் பதிலாகக் கூடுதல் நடை விட்டால் அதை ஈடாக எடுத்துக்கொண்டு, மிச்சம் இருப்பதைத்தான் ‘தவறிய நடை’ என்று எண்ணுவார்கள்.

மெட்ரோ பஸ்ஸுக்கு வேறு விதி. குறித்த நிறுத்தத்தில் 1.5 நிமிடம் முந்தியதிலிருந்து 5.5 நிமிடம் பிந்தியது வரை சரி.

10 நிமிடம் என்பது தாராளமாகத் தோன்றலாம். படகுத்துறையில் நடப்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனசு வராது. வந்து சேர்ந்த படகிலிருந்து எல்லா வண்டிகளையும் இறக்கி, அடுத்த சுமையை ஏற்றி, கதவை மூடிக் கிளம்ப ஏறக்குறைய 20 நிமிடம்தான் கையில் இருக்கும். ஒரு கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், பின்னால் இருக்கும் வரிசை முழுக்க நிற்கும். மூடுபனி, ஓதம், குறுக்கே போகும் சரக்குக் கப்பல் என்று காரணங்களுக்கும் பஞ்சமில்லை. காலையில் ஏற்பட்ட தாமதம் அன்று முழுக்க அந்தப் படகோடு கூடவே வரும். பஸ்ஸைப் போல வெற்று வண்டியை நடுவழியில் திருப்பிவிட முடியாது. அதனால் 10 நிமிடம் என்ற வரம்பில் எனக்கு அதிகக் குறை இல்லை.

குறை வேறு இடத்தில். முதலாவது, அளப்பது கிளம்பும் நேரத்தை. பயணிக்கு வேண்டியது சேரும் நேரம். இரண்டாவது, எல்லா நடைக்கும் ஒரே எடை. நாளைக்கு 20 நடை ஓடும் ஒரு தடத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று பிந்தினால் 95 சதவீதம், இலக்கு எட்டியாயிற்று. ஆனால் அந்த ஒன்று மாலை வேளையின் நிரம்பி வழிகிற நடை என்றால்? அன்றைய 8,000 பயணிகளில் 1,500 பேர் அதில் இருந்திருந்தால், பயணிகளில் ஏறக்குறைய 19 சதவீதம் பேர் தாமதமானவர்கள். ஒரே நாள், ஒரே நிகழ்வு, 5 என்றும் சொல்லலாம், 19 என்றும் சொல்லலாம். பிந்துவதும் பெரும்பாலும் கூட்டமான நடைதான், ஏனென்றால் கூட்டம்தான் பிந்த வைக்கிறது. ஆக, இந்த விலகல் ஒரே பக்கமாகச் சாயும்.

மூன்றாவது குறைதான் பெரியது. அதற்கு முன் பஸ் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவோம்.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்

அடிக்கடி ஓடும் வழித்தடத்தில் யாரும் அட்டவணை பார்த்து நிறுத்தத்துக்கு வருவதில்லை. வருவார்கள், நிற்பார்கள், வருவதில் ஏறுவார்கள். அவர்களுக்கு 8:20 பஸ் 8:28-க்கு வந்ததா என்பது பொருட்டே இல்லை. முந்தைய பஸ்ஸுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதுதான் விஷயம்.

லண்டன் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. மணிக்கு 5 பஸ்ஸுக்குக் குறையாமல் ஓடும் தடங்களில் அவர்கள் அளப்பது ‘மிகைக் காத்திருப்பு’. அட்டவணைப்படி ஓடியிருந்தால் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும், உண்மையில் எவ்வளவு நேரம் நின்றார்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அது. கணக்கு சின்னதுதான். ஒவ்வோர் இடைவெளியையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். மொத்த நேரத்தின் இரு மடங்கால் வகுங்கள். அதுதான் சராசரிக் காத்திருப்பு.

10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 6 இடைவெளி, காத்திருப்பு 5 நிமிடம். இப்போது பஸ்கள் ஒட்டிக்கொண்டு, இடைவெளிகள் 18, 2, 18, 2, 10, 10 என்று ஆகிவிட்டன. வர்க்கங்களைக் கூட்டினால் 856. 120-ஆல் வகுத்தால் 7.1 நிமிடம். பஸ் எண்ணிக்கை குறையவில்லை, சராசரி இடைவெளியும் அதே 10 நிமிடம்தான். ஆனாலும் ஒவ்வொருவரும் சராசரியாக 2 நிமிடத்துக்கு மேல் கூடுதலாக நிற்கிறார்கள். 18 நிமிட இடைவெளிக்குள் வந்து மாட்டுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் இந்தக் கூடுதல். சும்மா சராசரி போட்டால் இது கண்ணில் படவே படாது.

இதையே நேரம் தவறாமைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அந்த 6 பஸ்ஸில் 2 மட்டும் 8 நிமிடம் பிந்தியவை. மீதி 4 சரியான நேரம். 67 சதவீதம். இன்னொரு நாள் 6 பஸ்ஸுமே சரியாக 8 நிமிடம் பிந்தி, ஒழுங்கான இடைவெளியில் வருகின்றன என்றால்? நேரம் தவறாமை 0 சதவீதம். மிகைக் காத்திருப்பு 0 நிமிடம். அட்டவணையைப் பார்க்கிற அதிகாரிக்கு அது பேரிடர் நாள். நிறுத்தத்தில் நிற்பவருக்கு அது நல்ல நாள்.

லண்டன் இந்த எண்ணைப் பணத்தோடு கட்டியது. 2001 முதல் வந்த தர ஊக்க ஒப்பந்தங்களில், பஸ் ஓட்டும் நிறுவனத்துக்குக் காத்திருப்பு குறைந்தால் ஊக்கத்தொகை, கூடினால் பிடித்தம். 2000-01-இல் 2.2 நிமிடமாக இருந்த மிகைக் காத்திருப்பு 2004-05-இல் 1.1 நிமிடத்துக்கு வந்தது. முழுப் பெருமையும் ஒப்பந்தத்துக்கே என்று சொல்ல மாட்டேன். அதே காலத்தில் பஸ் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், 2003 பிப்ரவரியில் நகர மையத்தில் நெரிசல் கட்டணமும் வந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவரின் வேலை மாறியதில் ஒப்பந்தத்துக்குப் பங்கு உண்டு. முன்னால் போகும் பஸ்ஸை ‘கொஞ்சம் நில்’ என்று சொல்வதற்கு அவருக்கு இப்போது காசுக் காரணம் இருக்கிறது.

எப்போதாவது ஓடும் தடத்துக்கு இது பொருந்தாது. மணிக்கு ஒரு பஸ் என்றால் எல்லோரும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள். அங்கே 2 நிமிடம் முந்திக் கிளம்புவது 10 நிமிடம் பிந்துவதை விட மோசம். லண்டனிலும் அப்படிப்பட்ட தடங்களுக்கு நேரம் தவறாமையைத்தான் அளக்கிறார்கள். படகும் இந்த வகைதான்.

2021 அக்டோபர்

சரி, படகுத்துறைக்குத் திரும்புவோம்.

2021 கோடையிலேயே நடைகள் கடைசி நேரத்தில் ரத்தாக ஆரம்பித்தன. ஓய்வுபெறும் வயதில் இருந்தவர்கள் அதிகம், கோவிட் காலத்தில் ஆளெடுப்பும் பயிற்சியும் தடைப்பட்டிருந்தன, தடுப்பூசிக் கட்டாயத்தின் கெடுவும் நெருங்கியது. 2021 அக்டோபர் 16 முதல் பெரும்பாலான தடங்களில் ‘மாற்று அட்டவணை’ அமலுக்கு வந்தது. அதிகம் பேர் பயணிக்கும் பெய்ன்பிரிட்ஜ் தடமே இரண்டு படகிலிருந்து ஒரு படகுக்கு இறங்கியது.

பஸ்ஸில் ஒரு டிரைவர் வரவில்லை என்றால் ஒரு பஸ் ஓடாது. படகில் அப்படியில்லை. ஒவ்வொரு படகுக்கும் குறைந்தபட்சம் யார் யார் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை நிர்ணயித்திருக்கிறது. இன்ஜின் அறையில் எண்ணெய் பார்க்கும் ஓர் ஆள் குறைந்தாலும் கட்டு அவிழ்க்க முடியாது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால், 202 கார்களும் ஆயிரக்கணக்கான ஆட்களும் கரையில்.

உடனே ஆள் எடுத்துவிடலாமே என்று கேட்பது எளிது. மேல்தள அதிகாரியாக வர வேண்டுமானால் தான் ஓட்டப்போகும் தடத்தின் கடல் வரைபடத்தை மனப்பாடமாக வரைந்து காட்ட வேண்டும். வெள்ளைத் தாளில் கரையோரம், ஆழம், மிதவை, விளக்கு எல்லாம் நினைவிலிருந்து. இப்படிப்பட்ட ஆளை மூன்று மாதத்தில் உருவாக்க முடியாது. 2022-இல், ஏற்கெனவே மாலுமியாக இருப்பவர்களையே துணைக் கேப்டன் நிலைக்குப் பயிற்றுவிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். என் பார்வையில், இந்தக் கதை முழுக்க எடுத்த நடவடிக்கைகளில் உருப்படியானது இதுதான். பலன் வருடக்கணக்கில்தான் தெரியும் என்பதால் அன்றைய மேடைகளில் அதற்குப் பெரிய கைதட்டல் கிடைத்திருக்காது.

இப்போது அந்த மூன்றாவது குறை. நம்பகத்தன்மை என்பது அட்டவணையில் போட்டதில் நடந்த விகிதம். ஒரு தடத்தில் நாளைக்கு 30 நடை போட்டு 27 ஓடினால் 90 சதவீதம். மறுநாள் அட்டவணையையே 15 ஆக்கி, 15-ஐயும் ஓட்டினால் 100 சதவீதம். முதல் நாளைவிட 12 நடை குறைவு, மதிப்பெண் 10 கூடுதல். யாரும் பொய் சொல்லவில்லை. வகுக்கும் எண் கீழே நழுவிவிட்டது, அவ்வளவுதான். நேரம் தவறாமையிலும் இதே கூத்து: கிளம்பாத படகுக்குக் கிளம்பிய நேரம் கிடையாது, ஆகவே தாமதமும் கிடையாது.

அதற்காக அட்டவணையைச் சுருக்கியது தவறு என்று சொல்ல வரவில்லை. சுருக்கியே ஆக வேண்டும். ஓட்ட முடியாத 30-ஐக் காகிதத்தில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் எது ரத்து என்று லாட்டரி போடுவதை விட, உறுதியான 15 மேல். பஸ் பக்கத்தில் மெட்ரோவும் 2023 செப்டம்பரில் இதைத்தான் செய்தது: டிரைவரும் மெக்கானிக்கும் போதாத நிலையில், சில தடங்களைத் தற்காலிகமாக நிறுத்தி, சிலவற்றைக் குறைத்து, மிச்சத்தை நம்பத்தக்கதாக ஆக்கப் பார்த்தார்கள். ரத்தான பஸ் இன்னும் வருவதாகவே செல்போன் காட்டி, பயணி நின்று நின்று பார்த்து, கடைசியில் திரையிலிருந்து அது சத்தமில்லாமல் மறைவதை அனுபவித்தவர்களுக்கு இந்த முடிவின் நியாயம் புரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். சுருக்கிய அட்டவணைக்கு எதிரான மதிப்பெண்ணோடு, முழு அட்டவணைக்கு எதிரான மதிப்பெண்ணையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ‘போட்டதில் 100, போட்டிருக்க வேண்டியதில் 50’ என்று. இரண்டையும் ஒரே வரியில் பார்க்கும் மக்கள் பிரதிநிதிக்கு, அடுத்த வரவுசெலவில் எதைக் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எந்தத் தடத்துக்கு முதலில்

2022-இல் மீட்புத் திட்டம் வெளியானது. ஒவ்வொரு தடமாக, சோதனை ஓட்டம் பார்த்து, தாங்குமா என்று தெரிந்த பிறகே முழுச் சேவைக்கு மாற்றுவது. அவசரப்பட்டு அறிவித்துவிட்டுப் பின்வாங்குவதை விட இது நாகரிகமான வழி. கூட்டம் அதிகமான தடங்கள் முதலில் வந்தன. பிரெமர்டன் கடைசி வரிசையில். அந்த ஊருக்கு 2021-இல் போன இரண்டாவது படகு 2025 கோடையில்தான் திரும்பியது.

பிரெமர்டன்காரர்களுக்குக் கிட்சாப்பின் வேகப் படகு ஒரு மாற்றாக இருந்தது என்பதும் முடிவைப் பாதித்திருக்கும். அந்த வேகப் படகின் பின்கதையே தனி. 1998-இல் மாநிலம் அதே தடத்தில் அதிவேகப் படகு விட்டது. ரிச் பாசேஜ் என்ற குறுகிய கால்வாயில் அது எழுப்பிய அலை கரையை அரிக்கிறது என்று கரையோர வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. பிறகு அலை எழுப்பாத உடல்வடிவத்தைத் தேடி வருடக்கணக்கில் ஆய்வு. 118 பேர் அமரும் ‘ரிச் பாசேஜ் 1’ 2017 ஜூலையில் சேவைக்கு வந்தது. அரை மணி நேரத்தில் சியாட்டில். பயண நேரத்தை மட்டும் அளந்தவர்கள் 1998-இல் வென்றதாக நினைத்தார்கள். அலையையும் அளந்த பிறகுதான் படகு நிலைத்தது.

ஆனால் 118 பேர் படகு 2,500 பேர் படகுக்கு ஈடாகாது. காரும் ஏறாது. மாற்று இருக்கிறது என்று அட்டவணையில் ஒரு வரி எழுதும்போது இந்தக் கொள்ளளவுக் கணக்கு காணாமல் போய்விடும்.

பஸ்ஸுக்குக் காசு எங்கே போக வேண்டும் என்பதில் மெட்ரோவின் முறை எனக்குப் பிடிக்கும். 2011-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளின்படி, ஆண்டுதோறும் எல்லாத் தடங்களையும் எடைபோட்டு அறிக்கை வரும். நெரிசல் முதலில், தாமதம் அடுத்து, புதிய சேவை அதற்கும் பிறகு. வார நாளில் 20 சதவீதத்துக்கு மேல் தாமதமாகும் தடம் பட்டியலில் ஏறும். அதைச் சரிசெய்ய எத்தனை மணி நேரம் கூடுதலாக பஸ் ஓட்ட வேண்டும் என்பதும் எழுதப்படும். எந்தப் பேட்டையில் யார் சத்தமாகக் கேட்டார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2014 நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள் விற்பனை வரியில் 0.1 சதவீதமும் வண்டிக்கு 60 டாலரும் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்தபோது, பணத்தை எங்கே போடுவது என்ற பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது. 2015 ஜூனில் முதல் தவணை நெரிசலுக்கும் தாமதத்துக்கும் போனது. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் இடத்துக்கு 10 நிமிட நடையில் இருக்கும் வீடுகள் 2015-இல் 25 சதவீதம்; 2018-இல் 67 சதவீதம். இந்த எண்ணை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இது பஸ்ஸைப் பற்றிய எண் இல்லை, வீட்டைப் பற்றியது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தாமதத்தைச் சரிசெய்ய மலிவான வழி, அட்டவணையில் நிமிடங்களைச் சேர்ப்பது. 40 நிமிடப் பயணத்துக்கு 46 என்று போட்டால் நேரம் தவறாமை மறுநாளே உயரும். பயணி என்னவோ நடுவழி நிறுத்தத்தில், ‘நேரம் ஆகவில்லை’ என்று நிற்கும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதே நிமிடங்களைக் கடைசி நிறுத்தத்தில் போட்டால் கதை வேறு. அங்கே டிரைவர் இறங்கிக் கழிப்பறை போய்வர நேரம் கிடைக்கும், வந்த நடையின் தாமதம் போகிற நடைக்குத் தொற்றாது. சேர்த்தது எத்தனை நிமிடம் என்பதைப் போலவே, எங்கே சேர்த்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பயண நேரத்தையும் நேரம் தவறாமையையும் பிரித்து அச்சிட்டால் இந்தத் தந்திரம் ஒளிந்துகொள்ள இடமில்லை.

காத்திருப்பைப் பற்றி ஒரு உள்ளூர்க் கண்டுபிடிப்பும் உண்டு. 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் பிரையன் ஃபெரிஸும் காரி வாட்கின்ஸும் ‘ஒன்பஸ்அவே’ என்ற செயலியைத் தொடங்கினார்கள். பஸ் இப்போது எங்கே என்று நிறுத்தத்திலேயே தெரியும். பிறகு நிறுத்தங்களில் நின்று கேட்டும் அளந்தும் பார்த்தார்கள். தகவல் கையில் இருந்தவர்கள் தாங்கள் நின்றதாகச் சொன்னது சராசரியாக 7.5 நிமிடம், இல்லாதவர்கள் சொன்னது 9.9 நிமிடம். உண்மையான காத்திருப்பும் ஏறக்குறைய 2 நிமிடம் குறைந்திருந்தது, ஏனென்றால் பார்த்துவிட்டுத் தாமதமாகக் கிளம்பி வந்தார்கள். ஒரு பஸ்கூடக் கூடுதலாக ஓடவில்லை. தகவல் தப்பாக இருந்தால் இதே கத்தி மறுபக்கம் வெட்டும் என்பதை மேலே சொன்ன மாய பஸ்ஸிலேயே பார்த்தோம்.

சங்கிலியை அளப்பது

மறுபடி 6:16 பஸ். டிரைவர் காத்திருந்தால் என்ன ஆகும்? படகு 6:19-க்கு வந்து, ஆட்கள் நடந்து வந்து ஏற 6:24. பஸ் 8 நிமிடம் தாமதம். 5.5 நிமிட விதியை வைத்து அளந்தால் அந்த நடை தோற்றது. சரியானதைச் செய்த டிரைவர் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி.

பயணி-நிமிடத்தில் போடுங்கள். மாறி ஏறுபவர்கள் 20 பேர் என்றால், விட்டுவிட்டுப் போனால் இழப்பு 20 × 60, அதாவது 1,200 நிமிடம். காத்திருந்தால் அந்த 20 பேருக்கும், வழியில் நிற்கும் 12 பேருக்கும் தலா 8 நிமிடம்: 256. கேள்வியே இல்லை, நிற்க வேண்டும். படகு 30 நிமிடம் பிந்தினால்? பஸ் திரும்பி வந்து அடுத்த படகைப் பிடிக்க வேண்டியவர்களும் கணக்கில் வருவார்கள். அப்போது விடை மாறலாம். அதனால்தான் எத்தனை நிமிடம் வரை நிற்கலாம் என்பதைத் தடவாரியாக முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். டிரைவரின் இரக்கத்தை நம்பி விடக்கூடாது. படகு எங்கே வருகிறது என்பதை மாநிலமே இணைய வரைபடத்தில் நேரலையாகக் காட்டுகிறது. பஸ் கட்டுப்பாட்டு அறையில் அந்தப் படம் திறந்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கிட்சாப்பில் படகுக்காக பஸ் நிற்கும் வழக்கம் இருக்கிறது. வாஷன் தீவில் ஒரு காலத்தில் மெட்ரோ பஸ்ஸே படகில் ஏறி சியாட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இணைப்பு தவறும் பேச்சுக்கே இடமில்லை, ஆனால் படகில் ஒரு பஸ் அடைக்கும் இடத்துக்கும், சும்மா மிதந்துகொண்டிருக்கும் டிரைவர் நேரத்துக்கும் விலை உண்டு.

இணைப்புகளை அளக்கத் தரவு எங்கே? 2009-இல் வந்த ‘ஓர்கா’ அட்டை பஸ், படகு, ரயில் எல்லாவற்றுக்கும் ஒன்று. அட்டை தட்டிய நேரங்களைக் கோர்த்தால் யார் எந்தப் படகிலிருந்து இறங்கி எந்த பஸ்ஸில் ஏறினார்கள், நடுவில் எவ்வளவு நேரம் என்று பெயர் தெரியாமலே எடுத்துவிடலாம். இதில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. தெரியாதவர் கண்டிப்பாக விழுவார். சியாட்டில்–பெய்ன்பிரிட்ஜ் போன்ற தடங்களில் நடந்து ஏறுகிறவர்களிடம் மேற்கே போகும்போது மட்டும்தான் கட்டணம். சியாட்டில் நோக்கி வரும்போது இலவசம், அட்டை தட்டவே வேண்டாம். ஆக மாலைப் பயணம் தரவில் முழுசாக இருக்கும், காலைப் பயணத்தில் படகு காணாமல் போயிருக்கும். தீவில் பஸ்ஸில் தட்டியவர் ஒரு மணி நேரம் கழித்து சியாட்டில் பஸ்ஸில் தட்டினால், நடுவில் எந்தப் படகில் வந்திருப்பார் என்று ஊகித்து நிரப்ப வேண்டும். பஸ்ஸில் இறங்கும்போதும் தட்டுவதில்லை என்பதால் கடைசியாக எங்கே இறங்கினார் என்பது எப்போதுமே ஊகம்தான். சரியாக 100 சதவீதம் கிடைக்காது என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். 80 சதவீதம் பேரின் பயணத்தை முழுசாகக் காட்டும் சங்கிலி, 100 சதவீதம் துல்லியமான துண்டுகளை விடப் பயன்படும்.

2025 கோடையும் அதற்குப் பிறகும்

ஆள் பிரச்சினை தளர்ந்தபோது படகுப் பிரச்சினை முன்னுக்கு வந்தது. 2024-இல் 21 படகில் 15 மட்டும் ஓடின. பெரிய படகான ‘வெனாட்சி’ மின்சாரக் கலப்பு இன்ஜினுக்கு மாற்ற 2023 செப்டம்பரில் போனது, 2025 ஜூலையில்தான் வந்தது. 2019-இல் 2.4 கோடியை ஒட்டியிருந்த பயணி எண்ணிக்கை 2024-இல் 1.9 கோடி அளவில் நின்றது. 2025 மார்ச்சில் ஆளுநர் பாப் ஃபெர்குசன், அதே ரகத்தின் மற்ற இரண்டு படகுகளையும் மாற்றும் வேலையை 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் பிறகு தள்ளிவைத்தார். 2025 கோடையில் 18 படகுகள், பிரெமர்டனுக்கு இரண்டாவது படகு.

இது சுற்றுச்சூழல் அளவுகோலைச் சேவை அளவுகோலுக்காகத் தள்ளிவைத்த முடிவு. சரியா தவறா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் கடன் தீரவில்லை. இரண்டு படகுகளும் ஒரு நாள் பட்டறைக்குப் போயாக வேண்டும். அப்போது மறுபடி ஏதோ ஒரு தடம் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும், மாற்று அட்டவணை வரும், அதற்கெதிரான நம்பகத்தன்மை 99-ஐத் தொடும். எந்தத் தடம் என்பதை, நடை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வார்களா, அக்கரையில் 7:16 வரை நிற்கப் போகிறவர்களை எண்ணி முடிவு செய்வார்களா என்பதைப் பார்க்க வேண்டும். அட்டைத் தரவு இப்போதே இருக்கிறது. அந்தக் கணக்கை ஓட்டிப் பார்க்கப் படகு பட்டறைக்குப் போகும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை.